சேலத்தில் இருந்துகொண்டே மின் பொறியியல் பேராசிரியர் ஆவது எப்படி

எம்.இ. முடித்து, சேலம் சுற்றுவட்டாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் இஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்கான வழிகாட்டி இது. சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயராமல், இங்கேயே வேலை பார்த்தபடி பேராசிரியர் பதவி வரை போக முடியும். அதற்கு ஆராய்ச்சிக் கேள்வியை இந்த ஊரில் அளக்கக்கூடியதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற எல்லாம் அதன்மேல் நிற்பவை. அதனால் இங்கே விதிமுறைகளைச் சுருக்கமாகவும் அளவீட்டை விரிவாகவும் சொல்கிறோம்.

முதலில் கணக்கு

தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ 2019-இல் வெளியிட்ட விதிதான் அடிப்படை. உதவிப் பேராசிரியருக்கு பி.இ., எம்.இ. இரண்டும் தொடர்புடைய பிரிவில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். இணைப் பேராசிரியருக்கு பிஎச்டி, அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் 6 ஆய்வுக் கட்டுரைகள், 8 ஆண்டு அனுபவம் தேவை. அந்த எட்டில் 2 ஆண்டாவது பிஎச்டிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பேராசிரியருக்கு மொத்தம் 10 ஆண்டு அனுபவம்; அதில் 3 ஆண்டு இணைப் பேராசிரியருக்கு நிகரான பதவியில். அதோடு இணைப் பேராசிரியர் நிலையில் 6 கட்டுரைகளும் வழிகாட்டி முடித்த 2 பிஎச்டிகளும் வேண்டும், அல்லது அந்த நிலையில் 10 கட்டுரைகள் வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ‘இணைப் பேராசிரியர் நிலையில்’ என்ற சொற்களைத்தான். முதல் பதவி உயர்வுக்கு முன்பே பதினைந்து கட்டுரை குவித்துவிட்டு, அதன்பின் ஓய்ந்துபோகிறவருக்கு அடுத்த படியில் கையில் ஒன்றும் இருக்காது. ஆராய்ச்சி வேகத்தை இணைப் பேராசிரியராக இருக்கும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

24 வயதில் சேர்ந்து, வேலையோடு சேர்த்து 30-இல் பிஎச்டி முடித்தால், 32-இல் இணைப் பேராசிரியர், 35-இல் பேராசிரியர் என்று விதி அனுமதிக்கிறது. நடப்பில் இது நாற்பதை ஒட்டித்தான் அமையும். காரணம் இடம். ஆண்டுக்கு 60 மாணவர் சேரும் துறையில் முதலாண்டை நீக்கி 180 பேர் என்று வைத்துக்கொண்டால், 20 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆசிரியர் 9 பேர். 1:2:6 விகிதப்படி அதில் பேராசிரியர் ஒருவர், இணைப் பேராசிரியர் இருவர். உங்கள் துறையில் அந்த ஓரிடத்தில் இருப்பவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பது உங்கள் கட்டுரை எண்ணிக்கையைப் போலவே முக்கியமான தகவல். சேர்ந்த முதல் ஆண்டிலேயே அதைத் தெரிந்துகொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் தகுதி சேர்ந்த பிறகு கல்லூரி மாறத்தான் வேண்டும்.

பிரிவுப் பொருத்தமும் ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டியது. பி.இ. இசிஇ, எம்.இ. பவர் எலக்ட்ரானிக்ஸ் என்று கலந்து படித்தவர்கள், எந்தப் பட்டம் எந்தத் துறைக்குப் பொருந்தும் என்று ஏஐசிடிஇ வெளியிட்ட பட்டியலில் தங்கள் பட்டத்தின் சரியான பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வி பத்து ஆண்டு கழித்து நேர்காணலில் முளைக்கும்.

அரசுப் பணி வேண்டுவோருக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு உண்டு. பாலிடெக்னிக் விரிவுரையாளருக்கு முதல் வகுப்பு பி.இ. போதும், கருப்பூரில் இருப்பது போன்ற அரசு பொறியியல் கல்லூரிகளுக்கு எம்.இ. வேண்டும். அறிவிப்புகளுக்கு இடையே நீண்ட ஆண்டுகள் ஓடிவிடும். தேர்வுக்குப் படியுங்கள், ஆனால் அதற்காக பிஎச்டி பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் இரண்டு ஆண்டு: லேப்பைக் கைவசப்படுத்துங்கள்

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது விதி. தனியார் கல்லூரியில் இதற்கு மேல் அட்மிஷன் வேலை, என்பிஏ (தர அங்கீகார வாரியம்) கோப்பு, வகுப்பு ஆலோசகர் பொறுப்பு எல்லாம் வந்து சேரும். புதிதாகச் சேர்ந்தவருக்கு எது கொடுத்தாலும் எடுத்தாக வேண்டிய நிலை. ஆனாலும் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் அல்லது பவர் எலக்ட்ரானிக்ஸ் லேப் பொறுப்பு. கருவிகளின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் மாலை நான்கு மணிக்குப் பிறகு ஆராய்ச்சி நடக்கும்.

லேப் பொறுப்பு எடுத்தால் இவை விரல் நுனியில் இருக்க வேண்டும். டிசி ஷன்ட் மோட்டாரைக் கிளப்பும்போது ஃபீல்டு ரியோஸ்டாட் குறைந்தபட்ச நிலையில், ஆர்மேச்சர் ரியோஸ்டாட் அதிகபட்ச நிலையில். ஃபீல்டு வயர் கழன்றால் சுமையில்லாத மோட்டார் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். எனவே ஃபீல்டு சர்க்யூட்டில் ஃபியூஸ் போடாதீர்கள், அதன் முனைகளை வாராவாரம் இறுக்கிப் பாருங்கள். லோடு டெஸ்ட்டில் பிரதான ஃபியூஸ் ரேட்டட் கரண்டில் 120% அளவில் இருக்கட்டும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் மெயினைப் போட விடாதீர்கள்.

மாணவர் ரெக்கார்டில் அதிகம் வரும் பிழை வாட்மீட்டர் பெருக்கெண். 600 வோல்ட், 5 ஆம்பியர், 0.2 பவர் பேக்டர், முழு அளவு 150 பிரிவு என்றால், 600 × 5 × 0.2 ÷ 150 = 4. பிரஷர் காயிலை 300 வோல்ட் முனையில் கொடுத்திருந்தால் அது 2. இன்டக்ஷன் மோட்டார் நோ-லோடு டெஸ்ட்டில் எல்பிஎஃப் (குறைந்த பவர் பேக்டர்) வாட்மீட்டருக்குப் பதில் யுபிஎஃப் (பவர் பேக்டர் 1) வைத்தால் முள் நகர்வது மிகக் குறைவு. அந்த ரீடிங்கில் இருந்து எடுக்கும் கோர் லாஸுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு வாட்மீட்டர் முறையில் ஒன்று எதிர்ப்பக்கம் போனால் பவர் பேக்டர் 0.5-க்குக் கீழே என்று பொருள். நோ-லோடு மோட்டாரில் அது சரிதான். ஒரு காயிலின் முனைகளை மாற்றி, அந்த ரீடிங்கைக் கழித்தல் குறியோடு எழுதச் சொல்லுங்கள். ‘ஏன்’ என்று கேட்கும் மாணவருக்கு பேசர் படம் போட்டுக் காட்டுங்கள்.

புதிய ஆசிரியர்களுக்கான ஏஐசிடிஇயின் எட்டு மாட்யூல் பயிற்சியை ஸ்வயம் தளத்தில் இந்த இரண்டு ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். பின்னால் நேரம் கிடைக்காது.

கைடும் பதிவும்

பகுதிநேர பிஎச்டிக்குக் கல்லூரியிடம் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வேண்டும். அதில் ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கப்படும் என்றும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்கு விடுவிக்கப்படும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை ஹெச்ஓடி மாறியதும் காற்றோடு போகும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்க முடியாது. இவற்றின்மேல் அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் சொந்த நிபந்தனைகளைச் சேர்க்கும். தீசிஸ் கொடுப்பதற்கு முன் எத்தனை கட்டுரை, எந்தப் பட்டியலில் என்பதைப் பதிவு செய்யும் ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரை எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று விசாரியுங்கள். அவர்களில் இரண்டு பேரிடம் நேரில் பேசுங்கள். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைபடங்களைப் பார்ப்பவர் நல்ல கைடு. டிசி (ஆய்வு மேற்பார்வைக் குழு) மீட்டிங் நாளன்று மட்டும் கையெழுத்துப் போடுபவர், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், உங்கள் ஆறாண்டை விழுங்கிவிடுவார்.

கேள்வியை எங்கே தேடுவது

சிமுலேஷனை மட்டும் நம்பிய ஆய்வுகள் நம் பகுதியில் மிக அதிகம். ஏதோ ஒரு விலங்கின் பெயர் கொண்ட ஆப்டிமைசேஷன் அல்காரிதத்தை ஐஇஇஇ 30-பஸ் சிஸ்டம் என்ற மாதிரி மின்கட்டமைப்பில் ஓட்டி, பழைய முடிவைவிட அரை சதவீதம் மேம்பட்டது என்று காட்டுவது. நல்ல இதழின் மதிப்பாய்வாளர் இதை முதல் வாசிப்பிலேயே திருப்பி அனுப்புவார். ஐஐடியில் கோடிக்கணக்கில் கருவி வைத்திருப்பவரோடு அவர் களத்தில் போட்டி போடுவதும் வீண். ஆனால் அவரிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது.

ஆத்தூர் சாலையில் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிகள் இருக்கின்றன. இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் பக்கம் விசைத்தறிகள். மேட்டூரில் அணையடி நீர்மின் நிலையமும் அனல்மின் நிலையமும். தலைக்கு மேல் சேர்வராயன் மலை. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வகை மின்சுமை, வேறு வேறு சிக்கல்.

மலையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான மோட்டார்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் 1,000 மீட்டர் உயரம் வரை என்று வைத்துத்தான் ரேட்டிங் போடப்படுகின்றன. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் வெப்பம் வெளியேறுவதும் குறையும், காற்றின் மின்காப்புத் தாங்குதிறனும் குறையும். ஆனால் மலையில் குளிர்ச்சி இருப்பதால் வெப்பப் பக்கம் ஓரளவு ஈடாகிறது. எந்த அளவுக்கு ஈடாகிறது என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். சேலம் நகரம் அடிவாரத்தில் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. ஒரே இன்வெர்ட்டரை, ஒரே மோட்டாரைக் காலையில் கீழேயும் மதியம் மேலேயும் ஓட்டிப் பார்க்கும் வசதி எத்தனை துறைகளுக்கு வாய்க்கும்?

எர்த்திங் இன்னொன்று. சேர்வராயனில் அடியில் சார்னோகைட் பாறை, உச்சிப் பகுதிகளில் பாக்சைட் படிவம். மண் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். காபி எஸ்டேட்டில் வெட்டிய எர்த் பிட் மழைக்காலத்தில் நல்ல மதிப்பும் ஏப்ரலில் மோசமான மதிப்பும் காட்டும். அளக்கும் முறை இது. நான்கு கம்பிகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் அடியுங்கள். வெளி இரண்டும் கரண்ட், உள் இரண்டும் வோல்டேஜ். மண் எதிர்ப்புத்திறன் = 6.28 × இடைவெளி × மீட்டர் காட்டும் ஓம். இடைவெளி 4 மீட்டர், ரீடிங் 20 ஓம் என்றால் சுமார் 502 ஓம்-மீட்டர். கம்பி உள்ளே போகும் ஆழம் இடைவெளியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 4 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர். இடைவெளியை 1, 2, 4, 8, 16 மீட்டர் என்று கூட்டிக்கொண்டே போனால் ஆழத்தில் இருக்கும் பாறை தெரியத் தொடங்கும்; ரீடிங்கில் இருந்து கணக்கிட்ட மதிப்பு ஏறிக்கொண்டே போனால் கீழே பாறை.

இங்கே கெடுவது எதனால்? கம்பிவேலிக்கோ புதைத்த தண்ணீர்க் குழாய்க்கோ இணையாகக் கோடு போட்டால் மதிப்பு பொய்யாகக் குறைந்துவிடும். அதனால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு திசையில் எடுங்கள். இரண்டும் பெரிதாக வேறுபட்டால் இடத்தை மாற்றுங்கள். காய்ந்த மண்ணில் கரண்ட் கம்பியின் தொடு எதிர்ப்பு அதிகமாகி மீட்டர் தடுமாறும். கம்பியைச் சுற்றி மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், முழுக் கோட்டையும் நனைக்காதீர்கள். ஒரே இடத்தில் கோடையிலும் ஐப்பசி மழைக்குப் பிறகும் எடுத்தால்தான் அது ஆய்வு. இடியும் மின்னலும் தொடங்கிவிட்டால் வேலையை உடனே நிறுத்தி இறங்கிவிடுங்கள். நீளமான வயரைக் கையில் பிடித்துக்கொண்டு மலையில் நிற்பது ஆபத்து.

சேகோ ஃபேக்டரியிலோ தறிக்கூடத்திலோ பவர் குவாலிட்டி அளப்பது வேறு வகை வேலை. அனலைசர் கல்லூரியில் இல்லையென்றால் எனர்ஜி ஆடிட் செய்பவர்களிடம் வாடகைக்குக் கேளுங்கள். உரிமையாளருக்கு முதல் பயம், இந்த விவரம் ஈபிக்குப் போய்விடுமோ என்பது. ஆலையின் பெயரை எங்கும் குறிப்பிட மாட்டோம் என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். முடிந்ததும் பவர் பேக்டர் பற்றி அவருக்குப் பயன்படும் இரண்டு பக்க அறிக்கையும் கொடுங்கள். அடுத்த ஆலைக்கு அவரே அழைத்துப் போவார்.

கருவியை ஆலையின் வயர்மேனை வைத்து, சப்ளையை நிறுத்திய பிறகே பொருத்துங்கள். வோல்டேஜ் வயர்களில் ஃபியூஸ் இருக்க வேண்டும். பொருத்தியதும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு பேஸில் கிலோவாட் கழித்தலில் வந்தால் கிளாம்ப்பின் அம்புக்குறி திரும்பியிருக்கிறது. மோட்டார் ஓடும்போது பவர் பேக்டர் பேஸுக்கு ஒன்றாகப் பெரிதும் வேறுபட்டு வந்தால், ஆர் வோல்டேஜோடு ஒய் கரண்ட்டைக் கோத்துவிட்டீர்கள். ஒரு வாரம் கழித்து இதைக் கண்டுபிடித்தால் அந்த வாரம் முழுக்க வீண். பத்து நிமிடச் சராசரியாக ஏழு நாள் ஓடினால் 1,008 பதிவுகள் இருக்க வேண்டும். குறைந்தால் எங்கே மின்தடை, எங்கே மெமரி தீர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோனிக்ஸ் (அடிப்படை அலையின் மடங்கு அதிர்வெண்களில் வரும் கரண்ட்) பற்றி எழுதும்போது நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டிஎச்டி என்பது மொத்த ஹார்மோனிக்ஸுக்கும் அந்த நொடியின் அடிப்படை அலைக்கும் உள்ள விகிதம். 40 ஆம்பியர் வரை இழுக்கும் ஆலையில், சுமை இறங்கி அடிப்படை அலை 8 ஆம்பியராக இருக்கும்போது டிஎச்டி 60% காட்டும், பார்த்தால் பயங்கரம். ஆனால் ஹார்மோனிக் கரண்ட் வெறும் 4.8 ஆம்பியர்; உச்சச் சுமைக் கரண்டோடு ஒப்பிட்டால் டிடிடி 12%. ஐஇஇஇ 519 கரண்டுக்கு வரம்பு வைப்பது இந்த டிடிடிக்குத்தான். அதுவும் ஈபி மீட்டர் இருக்கும் பொதுப் புள்ளியில், ஒவ்வொரு மோட்டார் முனையிலும் அல்ல. 60% என்று தலைப்பில் போட்டு அனுப்பும் கட்டுரை அங்கேயே விழுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ‘சேலத்தில் அளந்தோம்’ என்பது மட்டும் ஆராய்ச்சி ஆகாது. அளந்த எண் ஏன் அப்படி வந்தது என்று சொல்லும் மாதிரி ஒன்றும், அந்த மாதிரி வேறோர் இடத்திலும் பொருந்துகிறதா என்ற சோதனையும் வேண்டும்.

கன்வெர்ட்டர் கட்டுபவர்கள் 30 முதல் 48 வோல்ட் வரை, கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையில் தொடங்குங்கள். ஒரே லெக்கின் இரண்டு ஸ்விட்சுக்கும் இடையே டெட் டைம் (இரண்டும் அணைந்திருக்கும் சிறு இடைவெளி) வருகிறதா என்று பவர் கொடுப்பதற்கு முன்பே கேட் முனையில் பாருங்கள். மேல் ஸ்விட்ச்சின் அலையைப் பார்க்க டிஃபரென்ஷியல் புரோப் கட்டாயம். சாதாரண புரோப்பின் கிரவுண்டு கிளிப்பை அங்கே மாட்டினால் ஆசிலாஸ்கோப் எர்த் வழியாக ஷார்ட் ஆகி ஸ்கோப்பும் டிவைஸும் சேர்ந்து போகும். டிசி லிங்க் கெபாசிட்டருக்கு இணையாக ஒரு பிளீடர் ரெசிஸ்டர் போடுங்கள். அணைத்த பிறகும் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்த பின்பே கை வையுங்கள்.

கட்டுரை

இதழ் எஸ்சிஐஇ என்ற ஆய்விதழ் பட்டியலில் இருக்கிறதா என்பதை கிளாரிவேட்டின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்டில் ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்து நீங்களே தேடுங்கள். இதழின் தளத்தில் போட்டிருக்கும் முத்திரையை நம்பாதீர்கள். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்கள் இருக்கின்றன. ஸ்கோபஸ் என்ற இன்னொரு பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட இதழா என்பதையும் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய யுஜிசி-கேர் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம்.

‘ஸ்கோபஸ் பேப்பர் போட்டுத் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆட்களிடம் ஆசிரியர் இடத்தைக் காசு கொடுத்து வாங்குவது திருட்டு. அந்தக் கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால் அது உங்கள் பெயரோடு நிரந்தரமாக நிற்கும். யுஜிசியின் 2018 விதிப்படி தீசிஸில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10% வரை நடவடிக்கை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

ஐஇஇஇ டிரான்சாக்ஷன்ஸ் இதழ்களில் வழக்கமான முறையில் வெளியிடக் கட்டணம் இல்லை, பக்க வரம்பைத் தாண்டினால்தான் உண்டு. ஐஇஇஇ ஆக்சஸில் வெளியிடக் கட்டணம் உண்டு. பணம் இல்லாதவர் முதலில் அனுப்ப வேண்டியது முதல் வகைக்குத்தான். மறுத்தாலும் மதிப்பாய்வாளரின் குறிப்பு இலவசமாகக் கிடைக்கும். அதை வரிக்கு வரி சரிசெய்து அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

பிஎச்டிக்குப் பிறகு

பட்டம் வந்ததும் முதல் வேலை, கைடு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பது. யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு பிஎச்டியோடு மதிப்பாய்வு செய்யப்பட்ட இதழ்களில் 3 கட்டுரை போதும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 5. இதைத் தள்ளிப்போட்டால் ‘2 பிஎச்டி வழிகாட்டியது’ என்ற வழி உங்களுக்கு அடைபடும். ஓர் ஆய்வாளர் முடிக்கவே குறைந்தது மூன்றாண்டு ஆகும்.

நிதிக்கு முதலில் சிறியதாகக் கேளுங்கள். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவியில் தொடங்கி, ஏஐசிடிஇ, ஏஎன்ஆர்எஃப் (தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு) என்று ஏறுங்கள். விண்ணப்பத்தில் கருவிப் பட்டியலுக்கு எதிரே, ஒவ்வொரு கருவியும் எந்த அளவீட்டுக்கு, ஏன் அந்தத் துல்லியம் என்று எழுதுங்கள். கருவி வாங்கும்போது காலிபிரேஷன் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். அதை விட்டுவிட்டு இரண்டாம் ஆண்டில் தவிப்பவர்கள் பலர்.

பதவி உயர்வுக் கோப்பைக் கடைசி மாதத்தில் தேடிச் சேர்க்க முடியாது. நியமன ஆணை, ஒவ்வொரு ஆண்டின் பணிச்சான்று, சம்பளச் சீட்டு, பிஎச்டி அறிவிப்புக் கடிதம், ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கம், அது வெளியான தேதியில் இதழ் பட்டியலில் இருந்ததற்கான பக்கத்தின் அச்சு, எல்லாம் ஒரே கோப்பில், இரண்டு நகலாக. கல்லூரியை விட்டு வரும்போது அனுபவச் சான்றிதழில் பதவியின் பெயரும் முழுநேரம் என்ற சொல்லும் சேர்ந்த, விடுபட்ட தேதிகளும் இருக்கின்றனவா என்று அலுவலகத்திலேயே நின்று படித்துப் பார்த்து வாங்குங்கள். பட்டம் பெற்ற தேதியாக வைவா (வாய்மொழித் தேர்வு) நாளை எடுப்பதா, அறிவிப்பு நாளை எடுப்பதா என்பதில் ஒரு சில வாரம் முன்பின் ஆகி, பிஎச்டிக்குப் பிந்தைய இரண்டு ஆண்டு நிறையாமல் ஒரு சுற்று நேர்காணலை இழப்பவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும் நிறுவனம் எந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் அதே கோப்பில் வையுங்கள்.